அஸ்மானியும் சுல்தானியும்: பேரிடருக்கு யார் பொறுப்பு?

மராத்தி உழவர்களின் பேச்சில் இன்றும் வழங்கும் சொற்றொடர் ஒன்று உண்டு: 'அஸ்மானி சுல்தானி'. பாரசீகத்தில் 'ஆஸ்மான்' என்றால் வானம். வானத்திலிருந்து வரும் துன்பம் அஸ்மானி. ஆட்சியிலிருந்து வரும் துன்பம் சுல்தானி. மழை பொய்ப்பதும் வெள்ளம் பெருகுவதும் முதல் வகை. வரி கூடுவதும் படை வந்து பயிரை மிதிப்பதும் இரண்டாம் வகை. பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த நாள்களில் வருவாய்த்துறை வழக்கிலிருந்து மக்கள் நாவுக்கு இறங்கிய இந்த இணைச்சொல்லில் ஒரு கூர்மையான நினைவு பொதிந்திருக்கிறது. குடியானவனின் அழிவுக்கு இரண்டு ஊற்றுக்கண்கள் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது என்பதே அது.

ஐரோப்பியச் சட்டம் இந்தியாவுக்குள் வந்தபோது இவற்றில் ஒரு சொல்லுக்கு மட்டுமே இணை கொண்டுவந்தது. 'கடவுளின் செயல்' என்பது அதன் பெயர். மனித முயற்சியால் தடுக்கவோ முன்னறியவோ இயலாத இயற்கை நிகழ்வால் தீங்கு நேர்ந்தால் அதற்கு எவரும் பொறுப்பில்லை என்பது அதன் பொருள். வெள்ளத்தால் ஏற்பட்ட கேட்டில் எவ்வளவு பங்கு வானத்துக்கு உரியது, எவ்வளவு பங்கு ஆட்சிக்கு உரியது என்ற கேள்வியை இந்திய நீதிமன்றங்கள் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக எதிர்கொண்டு வந்திருக்கின்றன. அந்த வரலாற்றின் முதற்பெரும் வழக்கு ஓர் ஏரியின் கரையில் தொடங்குகிறது.

கார்வேட்டிநகரத்து ஏரிகள்

அன்றைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில், இன்றைய ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியில், கார்வேட்டிநகர ஜமீன் இருந்தது. பெருமழையில் அந்த ஜமீனைச் சேர்ந்த ஏரிகள் உடைந்தன. பாய்ந்த நீர் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாலங்களையும் பாதையையும் அடித்துச் சென்றது. கம்பெனி ஜமீன்தார்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தது.

கம்பெனியின் கையில் புதிய ஆயுதம் ஒன்று இருந்தது. 1868இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 'ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர்' வழக்கில் ஒரு விதியை உறுதிசெய்திருந்தது. ஒருவர் தம் நிலத்தில் இயல்புக்கு மாறாகப் பெருமளவில் நீரைத் தேக்கி, அது வெளியேறிப் பிறருக்குக் கேடு செய்தால், அவரிடம் கவனக்குறைவு இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை, தேக்கியவரே பொறுப்பு. லங்காஷயரின் ஆலை முதலாளி ஒருவருக்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கத்தை முன்னிட்டுப் பிறந்த விதி இது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1874இல் வெளிவந்த தீர்ப்பு ஜமீன்தாருக்குச் சார்பாக அமைந்தது. காரணம் முக்கியமானது. இந்த ஏரிகள் ஒருவர் தம் ஆதாயத்துக்காகத் தோண்டியவை அல்ல. தொன்றுதொட்டு நாட்டின் பாசன அமைப்பில் அங்கமாய் இருப்பவை. மக்களின் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதவை. அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். நினைத்தால் மூடிவிடக்கூடிய ஆலைக் குளத்துக்கு உரிய விதியை, மூடவே கூடாத ஏரிக்குப் பொருத்த இயலாது. ஆகவே கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றிப் பொறுப்பு இல்லை.

தமிழகத்துக் கல்வெட்டுகளை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 'ஏரி வாரியம்' என்ற தனிக் குழுவைக் குறிப்பிடுகின்றன. ஏரி அங்கே சொத்து மட்டுமன்று. ஊரார் முறைவைத்துச் சுமந்த பொறுப்பு. 1850களில் தென்னிந்தியப் பாசனத்தை ஆராய்ந்த பொறியாளர் பெயர்ட் ஸ்மித், சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களில் மட்டும் ஏறத்தாழ 53,000 ஏரி குளங்கள் இருப்பதாக எழுதினார். அவை ஒவ்வொன்றுக்கும் லங்காஷயர் விதியைப் பொருத்தியிருந்தால், ஏரி வைத்திருப்பதே குற்றமாகியிருக்கும்.

ஆயினும் அந்தத் தீர்ப்பில் ஒரு மறுபக்கம் உண்டு. காப்பது கடமை என்றால், அதில் தவறுவது குற்றமாகும். கரை உடைந்ததற்கு மழைதான் காரணம் என்று சொல்வதோடு விடை முடிவதில்லை. கரையைப் பேணினீர்களா என்ற அடுத்த கேள்விக்கும் விடை வேண்டும். ஜமீன்தாரைக் காப்பாற்றிய நியாயமே பின்னாளில் அரசைக் கூண்டில் ஏற்றும் நியாயமாகவும் ஆனது.

சர்க்காரைக் கேட்கலாமா?

ஜமீன்தார்மீது வழக்குத் தொடுக்கலாம், அரசின்மீது? 1861இல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பார்ன்ஸ் பீகாக் இதற்கு ஒரு விடை கூறினார். கிதிர்ப்பூரிலிருந்த அரசின் கப்பல் தளத்து ஊழியர்கள் சாலையில் இரும்புத் துண்டு ஒன்றைச் சுமந்து செல்கையில், அதன் ஓசையால் மிரண்ட வண்டிக்குதிரை ஒன்று காயமுற்றது. பெனின்சுலர் அண்டு ஓரியண்டல் கப்பல் கம்பெனி கேட்ட இழப்பீடு 350 ரூபாய். கப்பல் தளம் நடத்துவதுபோல் ஒரு தனியாரும் செய்யக்கூடிய பணியில் நேர்ந்த கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. அதோடு ஒரு பிரிவினையும் வந்தது. இறையாண்மைப் பணிகளில் நேரும் தீங்குக்கு அரசைக் கேட்க இயலாது என்பதே அது.

350 ரூபாய் குதிரைக்காக எழுந்த அந்தப் பிரிவினை, விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்புக்குள்ளும் புகுந்தது. பழைய அரசின்மீது எந்த அளவுக்கு வழக்குத் தொடுக்க முடிந்ததோ அதே அளவுக்குப் புதிய அரசின்மீதும் தொடுக்கலாம் என்பதே 300ஆம் உறுப்பின் சாரம். நாடாளுமன்றமோ சட்டமன்றமோ வேறு சட்டம் இயற்றும்வரை இந்நிலை தொடரும் என்றும் அது கூறியது. 1956இல் முதல் சட்ட ஆணையம் இதற்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1965இலும் 1967இலும் மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. அவை சட்டமாகவில்லை; இன்றுவரையிலும் அப்படியொரு சட்டம் இல்லை.

இதற்கிடையில் பஞ்சம் என்னும் பேரிடர் வேறொரு மரபை உருவாக்கியிருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அதன் பின் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து மாகாணந்தோறும் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுந்தன. எப்போது பஞ்சம் என அறிவிப்பது, யாருக்கு வேலை, யாருக்குக் கஞ்சி, எவ்வளவு கூலி என்றெல்லாம் அவை நுணுக்கமாக வகுத்தன. அரசுக்கு ஒரு கடமை உண்டு என்பதை அவை ஏற்றன. ஆனால் அவை அதிகாரிகளுக்கான அறிவுறுத்தல்கள். பசித்தவனின் கையில் தரப்பட்ட உரிமைப் பத்திரங்கள் அல்ல. கஞ்சி கிடைக்காதவன் நீதிமன்றப் படியேற அவற்றில் இடமில்லை. நிவாரணம் என்பது அரசின் ஈகை என்ற எண்ணம் இவ்வாறு ஆட்சி இயந்திரத்தில் ஊறியது.

லாட்வா கால்வாய்

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு, இன்றைய ஹரியானாவிலுள்ள லாட்வாவில் அரசுக் கால்வாயின் கரை உடைந்தது. 'மாடர்ன் கல்டிவேட்டர்ஸ்' என்னும் வேளாண் கூட்டு நிறுவனத்தின் வயல்கள் மூழ்கின. அது பஞ்சாப் அரசின்மீது வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வருவதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

நீதிபதி ஹிதயத்துல்லா தம் தீர்ப்பில் ரைலண்ட்ஸ் விதியை எடுத்து ஆராய்ந்தார். இந்தியா போன்ற நாட்டில் பாசனக் கால்வாய் வெட்டி நீர் கொணர்வது நிலத்தின் இயல்பான பயன்பாடே. அது அயலான, ஆபத்தான செயலன்று. ஆகவே ரைலண்ட்ஸ் விதியின் கடுமை இங்கே பொருந்தாது என்றார். கார்வேட்டிநகரத்து நியாயத்தின் எதிரொலி இது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. ஒழுங்காகப் பேணப்படும் கால்வாயின் கரை தானாக உடைவதில்லை; கால்வாயின் மேலாண்மை முழுவதும் அரசின் கையில் இருந்தது; எனவே உடைப்பே கவனக்குறைவுக்குச் சான்று. 'நிகழ்வே தன்னைப் பேசும்' என்னும் சட்டக் கோட்பாடு அரசுக்கு எதிராக நின்றது. உடைப்பு தொடர்பான ஆவணங்கள் அரசின் வசம் இருந்தும் நீதிமன்றத்தின் முன் வரவில்லை. அந்த மௌனமும் அரசுக்குப் பாதகமாகவே கொள்ளப்பட்டது. இழப்பீடு தர வேண்டியதாயிற்று.

இதையடுத்து 1964இல் 'கஸ்தூரிலால்' வழக்கின் தீர்ப்பு வந்தது. காவல்துறை கைப்பற்றிய தங்கத்தைத் தலைமைக் காவலர் ஒருவரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். காவல் என்பது இறையாண்மைப் பணி. ஆகவே அரசு பொறுப்பில்லை என்று அதே உச்ச நீதிமன்றம் கூறியது. கரையுடைந்த கால்வாய்க்காக அரசைக் கேட்கலாம். காவல் நிலையத்தில் காணாமற்போன தங்கத்துக்காகக் கேட்க முடியாது. குதிரை வழக்கின் நிழல் நூறாண்டு கடந்தும் நீண்டிருந்தது.

தமிழகத்தின் தென்னார்க்காட்டிலிருந்து சென்ற வழக்கொன்று இந்த வரலாற்றை மேலும் ஒரு படி நகர்த்தியது. வாய்க்காலின் குறுக்கேயிருந்த சிறுபாலம் இடிந்து பேருந்து ஒன்று நீருக்குள் விழுந்ததில் உயிரிழப்பு நேர்ந்தது. பெருமழையே காரணம் என்றது நெடுஞ்சாலைத் துறை. 1987இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாலம் மழையால் சேதமுறலாம் என்பது துறைக்குத் தெரிந்திருக்க வேண்டியதே. அதை எதிர்பார்த்து என்ன முன்னெச்சரிக்கை எடுத்தது என்று காட்டுவது துறையின் கடமை என்றது. மழையைக் காட்டி விலக முடியாது. மழைக்கு முன்பு செய்ததைக் காட்ட வேண்டும். 2016இல் குஜராத்தில் அணை நீர் திறப்பால் தோட்டம் அழிந்தவர்களின் வழக்கிலும் மாநில அரசின் 'கடவுளின் செயல்' வாதம் நிராகரிக்கப்பட்டது. அணைக்குள் வந்த நீர் வானத்தின் செயல். கதவைத் திறந்தது வானமன்று.

மோர்பியின் மௌனம்

இந்த வழக்குகளை மட்டும் அடுக்கினால், நீதி படிப்படியாக வளர்ந்தது என்ற தோற்றம் கிடைக்கும். அந்தத் தோற்றத்தை உடைப்பது மோர்பி.

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு ஆற்றின்மீதிருந்த இரண்டாம் அணை உடைந்தது. கீழேயிருந்த மோர்பி நகரமும் சுற்றுக் கிராமங்களும் வெள்ளத்தில் அமிழ்ந்தன. இறந்தோர் எத்தனை பேர் என்பதில் மதிப்பீடுகள் 1,800 முதல் 25,000 வரை வேறுபடுகின்றன. ஒரு நகரம் தன் இறந்தோரை எண்ண முடியாமற்போனதே அந்த அழிவின் அளவைச் சொல்லும். அணைக்கு வந்த வெள்ளம் வடிவமைப்பில் கணக்கிட்டதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்படியானால் அது வானத்தின் குற்றமா, குறைவாகக் கணக்கிட்டவர்களின் குற்றமா? இதற்கு விடை காண மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அந்த ஆணையம் அறிக்கை தருவதற்கு முன்பே, 1981இல், மாநில அரசே அதைக் கலைத்தது.

லாட்வாவில் சில ஏக்கர் பயிருக்கு விடை கிடைத்தது. மோர்பியில் ஆயிரக்கணக்கான உயிர்களுக்குக் கிடைக்கவில்லை. சட்டக் கோட்பாடு இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். வேறுபட்டது ஒன்றே: லாட்வாவில் கேள்வி நீதிபதியின் முன் இருந்தது, மோர்பியில் கேள்வி கேட்பவரை நீக்கும் அதிகாரம், கேள்விக்கு உள்ளானவரிடமே இருந்தது.

வானத்துக்கும் ஆட்சிக்கும் இடையிலான எல்லைக்கோடு இயற்கையில் வரையப்பட்டிருப்பதில்லை. அது மழைமானியின் பதிவேட்டிலும் மதகு திறந்த நேரக் குறிப்பிலும் கரையைச் செப்பனிட்ட செலவுக் கணக்கிலும் இருக்கிறது. அந்தக் காகிதங்கள் அனைத்தும் பெரும்பாலும் ஆட்சியின் பெட்டகத்தில் இருக்கின்றன. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சென்னை மூழ்கியபோது, வரலாறு காணாத மழை என்ற விளக்கமே முதலில் முன்வந்தது. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறக்கப்பட்ட முறையைக் குறைகூறி, அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. ஒரு தணிக்கையர் பதிவேடுகளைப் புரட்டும் அதிகாரம் பெற்றிருந்ததால் வெளிவந்த உண்மை அது. ஆனால் தணிக்கை அறிக்கை என்பது தீர்ப்பன்று. வீடிழந்தவரின் கைக்கு அது எதையும் கொண்டுசேர்ப்பதில்லை.

ஒரு துணைவினையின் வரலாறு

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நாடாளுமன்றம் இயற்றிய 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பஞ்ச விதித்தொகுப்பு மரபிலிருந்து ஒரு படி விலகியது. அதன் 12ஆம் பிரிவின்படி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிவாரணத்தின் குறைந்தபட்ச அளவுகளுக்கு வழிகாட்டு நெறிகளைப் பரிந்துரைக்க வேண்டும். உயிரிழப்புக்கான கருணைத்தொகையும் அவற்றில் அடங்க வேண்டும். கடுமையான பேரிடர்களில் கடன் திருப்பிச் செலுத்துவதில் சலுகை தருவதைப் பேசியது 13ஆம் பிரிவு. அங்கே 'பரிந்துரைக்கலாம்' என்றிருந்தது. முதலாவதில் 'வேண்டும்', இரண்டாவதில் 'லாம்'. இன்னொரு பக்கம், 73ஆம் பிரிவு நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயல்களுக்காக அரசின்மீதும் அதிகாரிகள்மீதும் வழக்குத் தொடுப்பதைத் தடுத்தது. ஒரு கை நீட்டியதை மறு கை பற்றிக்கொண்டது.

கொரோனாப் பெருந்தொற்றில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கருணைத்தொகை கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, 'வேண்டும்' என்பதை 'லாம்' என்றே படிக்க வேண்டும் என ஒன்றிய அரசு வாதிட்டது. 2021 ஜூன் 30 அன்று நீதிபதிகள் அசோக் பூஷண், எம்.ஆர். ஷா அமர்வு அதை மறுத்தது. 'வேண்டும்' என்றால் வேண்டும் என்றே பொருள். வழிகாட்டு நெறி வகுக்காதது கடமை தவறியதே என்றது. தொகை எவ்வளவு என்பதை மட்டும் ஆணையத்திடமே விட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஆணையம் ஓர் உயிருக்கு 50,000 ரூபாய் என்று வகுத்தது. மனுதாரர்கள் கேட்டது 4 இலட்சம்.

தொகையின் அளவைக் காட்டிலும் அதன் பெயர் கவனிக்கத்தக்கது. சட்டம் அதை 'எக்ஸ் கிரேஷியா' என்கிறது. அருளால் தருவது என்பது அந்த இலத்தீன் தொடரின் பொருள். தமிழில் 'கருணைத்தொகை' என வழங்குகிறோம். 'இழப்பீடு' என்ற சொல் இழந்தவரிடமிருந்து தொடங்குகிறது. இழந்ததை ஈடுசெய்யும் பொறுப்பு எவருக்கோ உண்டு என்பதை அது உள்ளடக்கியிருக்கிறது. 'கருணை' கொடுப்பவரிடமிருந்து தொடங்குகிறது. அங்கே பொறுப்பு இல்லை, மனம் மட்டுமே உண்டு. கட்டாயமாகத் தர வேண்டிய கருணை என்பது ஒரு முரண். 2021இன் தீர்ப்பு அந்த முரணை இந்தியச் சட்டத்துக்குள் நிலைநிறுத்தியது. குறையுடைய வெற்றியானாலும் அது வெற்றியே.

இரண்டாவது துணைவினையின் கதை வேறாக முடிந்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் மலை சரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடும் தோட்டமும் கடையும் போயின. அவற்றின்மீது வாங்கிய வங்கிக் கடன் மட்டும் போகவில்லை. தானாக முன்வந்து வழக்கை எடுத்த கேரள உயர் நீதிமன்றம், அந்தக் கடன்களைத் தள்ளுபடி செய்வது குறித்து 13ஆம் பிரிவின்கீழ் ஆராயுமாறு கூறியது. வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2025ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 13ஆம் பிரிவை முழுவதுமாக நீக்கியது. அந்தப் பிரிவு இப்போது இல்லை என்று ஒன்றிய அரசு நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலை சரிந்தது அஸ்மானி. சரிவில் எல்லாம் இழந்தவர் கேட்டு நின்ற ஒரு 'லாம்' சட்டப் புத்தகத்திலிருந்து மறைந்தது வானத்தின் செயல் அன்று.

கார்வேட்டிநகரத்து ஏரி முதல் சூரல்மலை வரை நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இயற்கை தாக்குவதற்கு முன்பு, காக்க வேண்டியவர் என்ன செய்திருந்தார்? அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த இடங்களில் மக்கள் இழப்பீடு பெற்றார்கள். விடையைத் தேடும் வழி அடைபட்ட இடங்களில் கருணையைப் பெற்றார்கள், அல்லது அதுவும் பெறவில்லை. மராத்தி உழவர்கள் இரண்டு சொற்களையும் இணைத்தே சொல்லிவந்தார்கள். ஒன்றை மற்றொன்றுக்குள் கரைந்துபோக அவர்கள் விடவில்லை. ஒவ்வொரு வெள்ளம் வடிந்த பின்னும் 'இயற்கைச் சீற்றம்' என்ற ஒற்றைச் சொல் செய்திகளில் எழும்போது, அதன் இணைச்சொல் எங்கே என்று கேட்பது குடிமக்களின் வேலை. மதகின் பதிவேடு எங்கே என்று கேட்பதும்தான்.